குறுக்கீடுகளை அணைத்த கோர் எப்படி வாய் திறந்தது?

#1 இரவுப்பணி (திங்கள், இரவு 11.42)

வணக்கம். அளவைக் கருவி ஒன்றின் பிசிஐ அட்டைக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதனை சர்வரில் இரண்டு பிராசசர், மொத்தம் 48 கோர். நேற்றிரவு சோதனையின் நடுவில் 17ஆம் கோர் உறைந்துவிட்டது. உறைந்ததில் வியப்பில்லை, பிழை என் டிரைவரில்தான் இருக்கும், தேடிக்கொள்கிறேன். என் குழப்பம் வேறு.

சீரியல் கன்சோலில் "17ஆம் சிபியுவில் ஹார்ட் லாக்கப்" என்ற செய்தி வந்திருந்தது. அதன் கீழே அந்தக் கோரின் ரெஜிஸ்டர்கள் (கோருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடங்கள்), ஸ்டாக்கின் முழுத் தடம் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசை) எல்லாம் இருந்தன. தடத்தின்படி அந்தக் கோர் ஒரு ஸ்பின்லாக்குக்காக (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்க வைக்கும் பூட்டு) சுழன்றுகொண்டிருக்கிறது, குறுக்கீடுகள் (ஓடும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்று கோருக்கு வரும் அழைப்புகள்) அணைந்திருக்கின்றன. அப்படியானால் டைமரால் அதை எழுப்ப முடியாது, நெட்வொர்க் அட்டையால் முடியாது, பக்கத்துக் கோர் அனுப்பும் குறுக்கீடும் உள்ளே போகாது. உள்ளே தாழிட்டுக்கொண்டு மயங்கிக் கிடப்பவர், தான் மயங்கிக் கிடப்பதாகத் தானே கடிதம் எழுதிக் கதவிடுக்கில் தள்ளியது எப்படி?

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், "வேறொரு கோர் பார்த்துச் சொல்லியிருக்கும்" என்றார். ஆனால் பதிவானவை 17ஆம் கோரின் ரெஜிஸ்டர்கள். அவற்றை இன்னொரு கோரால் எட்டிப் படிக்க முடியாதே?

#2 நாற்பதுகால் (செவ்வாய், காலை 6.10)

தாழிட்டது முன்கதவை மட்டும்தான், தம்பி. பின்கதவு 1978இலிருந்தே இருக்கிறது.

8086 சிப்பில் குறுக்கீட்டுக்கு இரண்டு கால்கள் உண்டு. 18ஆம் கால் சாதாரணக் குறுக்கீட்டுக்கு. நிரல் "சிஎல்ஐ" கட்டளையால் குறுக்கீட்டை அனுமதிக்கும் கொடியை இறக்கிவிட்டால், அந்தக் காலில் யார் தட்டினாலும் பிராசசர் திரும்பிப் பார்க்காது. 17ஆம் கால் என்எம்ஐ, அதாவது தடுக்க முடியாத குறுக்கீடு. கொடி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. தட்டினால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, பிராசசர் 2ஆம் எண் வெக்டருக்கு (குறுக்கீட்டைக் கவனிக்கும் நிரலின் முகவரி உள்ள அட்டவணை இடம்) தாவும். (உங்கள் கோரின் எண்ணும் 17 என்பதைப் பார்த்துக் காலையிலேயே சிரித்துவிட்டேன்.)

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் நினைவகப் பாரிட்டி பிழை இந்தக் கால் வழியாகத்தான் வந்தது. 8087 கணக்குச் சிப்பின் பிழை அறிவிப்பையும் அதிலேயே இணைத்திருந்தார்கள். "வீடு தீப்பற்றுகிறது" என்று சொல்ல மட்டும் வைத்த மணி அது.

இப்போது ஒவ்வொரு கோரின் பக்கத்திலும் லோக்கல் ஏபிக் என்ற குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வரும் பல மூலங்களை "இதைச் சாதாரண வெக்டராகக் கொடு" என்றோ "என்எம்ஐயாகக் கொடு" என்றோ அமைக்கலாம். கோர் உறைந்துவிட்டதா என்று காவல் பார்க்கும் லினக்ஸின் வாட்ச்டாக் இதைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கோருக்குள்ளும் கடிகாரத் துடிப்புகளை எண்ணும் செயல்திறன் கவுன்ட்டர் உண்டு. ஏறக்குறைய 10 விநாடிக்கான துடிப்புகள் கழிந்ததும் அது நிரம்பி வழியும். வழிந்தால் என்எம்ஐ வரும்படி அமைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், 4 விநாடிக்கு ஒருமுறை வரும் சாதாரண டைமர் குறுக்கீடு அந்தக் கோருக்கென்று இருக்கும் எண்ணிக்கை ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும். என்எம்ஐ ஹேண்ட்லர் (என்எம்ஐ வந்தால் ஓடும் நிரல்) செய்வது மிக எளிய வேலை. போன முறை வந்தபோது குறித்துவைத்த எண்ணை இப்போதைய எண்ணோடு ஒப்பிடும். மாறியிருந்தால் கோர் உயிரோடு இருக்கிறது. மாறவில்லையென்றால் இடைப்பட்ட நேரத்தில் டைமர் ஒருமுறைகூட உள்ளே நுழையவில்லை என்று பொருள். அதுதான் ஹார்ட் லாக்கப்.

ஆகவே 17ஆம் கோர் தானேதான் எழுதியது. மயக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்து எழுத வைத்தது அவர் உடம்புக்குள்ளேயே இருந்த கவுன்ட்டர்.

#3 வழிப்போக்கன் (செவ்வாய், காலை 8.25)

என்எம்ஐ எப்போதும் 0ஆம் கோருக்குத்தான் போகும் என்று படித்திருக்கிறேன். 17க்கு எப்படிப் போகும்?

#4 நாற்பதுகால் (செவ்வாய், காலை 9.02)

வெளியிலிருந்து வருவதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மதர்போர்டு எழுப்பும் என்எம்ஐ, பிசிஐ பஸ்ஸின் கடும் பிழை, சர்வர் முகப்பில் ஊசியால் குத்தும் சின்னப் பொத்தான் போன்றவை வழக்கமாக முதலில் விழிக்கும் பிராசசருக்கு இணைக்கப்பட்டிருக்கும். லினக்ஸும் பல ஆண்டுகள் 0ஆம் கோர் மட்டுமே 61எச் போர்ட்டைப் படித்துக் காரணம் பார்க்கும்படி இருந்தது. அந்த ஒரு பைட்டில் 7ஆம் பிட் கடும் பிழை, 6ஆம் பிட் விரிவாக்க அட்டையின் பிழை. பிறகு எந்தக் கோருக்கு வந்தாலும் அது படிக்கலாம் என்று மாற்றி, இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் படிக்காதபடி ஒரு பூட்டையும் வைத்தார்கள்.

கவுன்ட்டரிலிருந்து வருவது அந்தந்தக் கோரின் சொந்தச் சொத்து. இவை தவிர மூன்றாவது வகையும் உண்டு: ஒரு கோர் இன்னொரு கோருக்கு வேண்டுமென்றே அனுப்புவது. ஏபிக்கின் கட்டளை ரெஜிஸ்டரில் "என்எம்ஐயாகக் கொடு" என்று எழுதினால் போதும். அப்போது வெக்டர் எண்ணைப் பிராசசர் கண்டுகொள்ளாது, எதை எழுதினாலும் 2தான். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விழும்போது மற்ற எல்லாக் கோர்களையும் நிறுத்தி, அவற்றின் ரெஜிஸ்டர்களைச் சேமித்த பிறகுதான் கேடம்ப் (விழுந்த கெர்னலின் நினைவகத்தை ஆய்வுக்காகச் சேமிக்கும் வசதி) வேலை தொடங்குகிறது. குறுக்கீட்டை அணைத்து உறைந்த கோரையும் சேர்த்து நிறுத்த அதற்கு வேறு வழி இல்லை.

#5 மீள்தொடக்கம் (செவ்வாய், காலை 10.40)

அந்தப் பூட்டின் கதையை நாற்பதுகால் ஐயா ஒரு வரியில் தாண்டிவிட்டார். அதற்குள் ஒரு நல்ல நாடகம் இருக்கிறது.

சில சர்வர்களில் அந்த ஊசிப் பொத்தானை அமுக்கினால் என்எம்ஐ எல்லாக் கோர்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். ஒரு கோர் பூட்டைப் பிடித்துக் காரணத்தைப் படிக்கிறது. கடும் பிழை என்று கண்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கெர்னலை வீழ்த்துகிறது. வீழ்த்தும் வழியில் மற்றக் கோர்களை நிறுத்த என்எம்ஐ அனுப்புகிறது. ஆனால் மற்றக் கோர்கள் ஏற்கெனவே என்எம்ஐக்குள் இருக்கின்றன. அதே பூட்டுக்காக வரிசையில் நிற்கின்றன. என்எம்ஐக்குள் இருக்கும் கோருக்கு அடுத்த என்எம்ஐ வராது. நிறுத்தச் சொல்லும் ஓலை அவர்களைச் சேரவே சேராது. கடைசியில் கிடைக்கும் டம்பில் அந்தக் கோர்களின் நிலை இருக்காது.

லினக்ஸில் இதற்குச் செய்திருப்பது எனக்குப் பிடித்த நான்கு வரிகளில் ஒன்று. பூட்டுக்காகச் சும்மா சுழல்வதில்லை. முயன்று பார்க்கிறது, கிடைக்கவில்லையென்றால், "கெர்னல் விழுந்துகொண்டிருக்கிறதா?" என்று ஒவ்வொரு சுற்றிலும் தானே கேட்டுக்கொள்கிறது. ஆம் என்றால் ஓலைக்குக் காத்திராமல் தன் ரெஜிஸ்டர்களைச் சேமித்துவிட்டு அங்கேயே நின்றுவிடும்.

#6 இரவுப்பணி (செவ்வாய், மதியம் 1.15)

மிக்க நன்றி. ஓரளவு புரிகிறது. அப்படியானால் என் டிரைவரிலேயே ஒரு என்எம்ஐ ஹேண்ட்லரைப் பதிவு செய்து, உறையும் நேரத்தில் அட்டையின் நிலையை அச்சிட வைக்கலாமா? டிரைவரின் பூட்டை எடுத்து, வரிசையைப் படித்து, அச்சிட்டால் போதும். பத்து வரிதான் வரும்.

#7 சுட்டவிரல் (செவ்வாய், மதியம் 1.22)

வேண்டாம். நான் செய்திருக்கிறேன்.

#8 சுட்டவிரல் (செவ்வாய், மதியம் 2.30)

சாப்பிட்டுவிட்டு வந்தேன். விவரமாகச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வாடிக்கையாளர் ஒருவரின் 3.10 கெர்னலில் நீங்கள் சொல்லும் அதே பத்து வரியை எழுதினேன். மூன்று நாள் அழகாக ஓடியது. நான்காம் நாள் இயந்திரம் செத்தது. ஒரு செய்தியும் இல்லை. காரணத்தைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. கன்சோலுக்கு எழுதும் வழியில் ஒரு கோர் பதிவுத் தாங்கலின் பூட்டைப் பிடித்திருக்கிறது. சரியாக அந்த நொடியில் அதே கோருக்கு என்எம்ஐ. உள்ளே என் அச்சுக் கட்டளை அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டை வைத்திருப்பவன் கீழே உறைந்து கிடக்கிறான். நான் அவன் தலைமேல் உட்கார்ந்துகொண்டு அவன் சாவி தரட்டும் என்று காத்திருக்கிறேன். நான் எழுந்தால்தான் அவன் எழ முடியும்.

சாதாரணக் குறுக்கீட்டில் இந்தச் சிக்கலுக்கு மருந்து உண்டு. பூட்டை எடுக்கும்போதே குறுக்கீட்டை அணைத்துவிடுகிறோம். என்எம்ஐயை அணைக்க முடியாது. எனவே சாதாரணக் கெர்னல் நிரல் தொடும் எந்தப் பூட்டையும் என்எம்ஐக்குள் காத்திருந்து எடுக்கக் கூடாது. முயன்று பார்க்கலாம், கிடைக்காவிட்டால் கைவிட்டுத் திரும்ப வேண்டும். "பெரும்பாலும் கிடைக்கும்" என்று காத்திருக்கத் துணிந்தால் என் நான்காம் நாள் உங்களுக்கும் வரும்.

அச்சிடுவதை மட்டும் கெர்னல்காரர்கள் பிற்பாடு சரிசெய்தார்கள். 2016இல் 4.7 கெர்னலில், என்எம்ஐக்குள் அச்சிடுவது அந்தந்தக் கோரின் தனித் தாங்கலுக்குப் போய், பிறகு பொதுப் பதிவுக்கு மாறும்படி செய்தார்கள். 2020இன் கடைசியில் 5.10இல் பதிவுத் தாங்கலே பூட்டில்லாத வளையமாக மாறியது. அதனால் இன்று உங்கள் அச்சுக் கட்டளை பிழைத்துக்கொள்ளும். உங்கள் டிரைவரின் பூட்டு பிழைக்காது.

நேரம் பார்ப்பதில்கூட இதே பொறி இருக்கிறது. கெர்னலின் கடிகாரத்தைப் படிக்கும் சாதாரண வழி, "எழுதுபவர் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறாரா? அப்படியானால் முடியும்வரை திரும்பத் திரும்பப் படி" என்ற வகை. திருத்தும் நடுவில் என்எம்ஐ வந்து கடிகாரத்தைப் படித்தால், திருத்துபவர் இந்த ஹேண்ட்லரின் கீழே மாட்டியிருப்பார். படிப்பது முடியவே முடியாது. அதனால் என்எம்ஐக்கென்று கடிகாரத்தின் விவரங்களை இரண்டு நகல்களாக வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் திருத்தும்போது படிப்பவர் மற்றதைப் பார்ப்பார். மதிப்பு சிறிது பின்தங்கியிருக்கலாம், காத்திருப்பு கிடையாது.

பெரிய வேலை ஏதாவது இருந்தால் ஒத்திவைக்கலாம். கோர் தனக்குத்தானே ஒரு சாதாரணக் குறுக்கீட்டை அனுப்பிக்கொள்ளும். என்எம்ஐ முடிந்து குறுக்கீடு திறந்ததும் அங்கே வேலை நடக்கும். ஆனால் உங்கள் 17ஆம் கோரைப் போலத் தாழ் திறக்காமலே கிடந்தால் ஒத்திவைத்த வேலை ஒருநாளும் நடக்காது. இதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

#9 குதர்க்கி (செவ்வாய், மாலை 5.05)

"அணைக்க முடியாது, அணைக்க முடியாது" என்று எல்லோரும் பாடுகிறீர்கள். பெயரே பொய். பிசியில் 70எச் போர்ட்டின் மேல் பிட்டை ஏற்றினால் வெளி என்எம்ஐ அணைந்துவிடும். அதுவும் கடிகாரச் சிப்பின் முகவரியை எழுதும் அதே போர்ட். நேரம் கேட்கப் போனவர் தவறி என்எம்ஐயையும் அணைத்துவிட்டு வரலாம். ஏபிக்கில் அந்தந்த மூலத்துக்கும் தனித்தனி மறைப்புப் பிட் இருக்கிறது. ஃபர்ம்வேர் எஸ்எம்எம் நிலைக்குள் (இயக்குதளத்துக்குத் தெரியாமல் ஃபர்ம்வேர் ஓடும் நிலை) போனால் என்எம்ஐ காத்திருக்கும். ஒரு என்எம்ஐ நடக்கும்போது அடுத்தது தடைபடும் என்று மீள்தொடக்கமே சொல்லிவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு என்ன "தடுக்க முடியாத"?

#10 நாற்பதுகால் (செவ்வாய், மாலை 5.40)

சிஎல்ஐ கட்டளையால் தடுக்க முடியாதது என்ற அளவில் பெயர் சரி. மற்றது எல்லாம் நீங்கள் சொன்னபடியே. கடைசியாகச் சொன்னீர்களே, அந்தத் தடைதான் எக்ஸ்86இன் மிகப் பெரிய தலைவலி. ஸ்டாக்கடி இங்கே இருந்தால் எழுதுவார்.

#11 ஸ்டாக்கடி (செவ்வாய், இரவு 10.15)

கூப்பிட்டதால் வந்தேன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்எம்ஐ வந்ததும் பிராசசர் தனக்குள் ஒரு தடையைப் போடும். அது இருக்கும்வரை அடுத்த என்எம்ஐ உள்ளே வராது. வாசலில் ஒரே ஒரு நாற்காலி. ஒரு என்எம்ஐ உட்கார்ந்து காத்திருக்கலாம். அதற்கு மேல் வருபவை எத்தனையானாலும் அந்த ஒன்றோடு கரைந்துவிடும். தடை எப்போது நீங்கும்? "ஐரெட்" கட்டளை ஓடும்போது. குறுக்கீட்டிலிருந்து திரும்பும் கட்டளை அது. ஹேண்ட்லர் முடிந்து ஐரெட் போட்டுத் திரும்பும், தடை நீங்கும். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

சிக்கல் இதுதான்: எந்த ஐரெட் என்று பிராசசர் பார்ப்பதில்லை. என்எம்ஐ ஹேண்ட்லருக்குள் ஒரு பேஜ் ஃபால்ட் (தொட்ட முகவரி நினைவகத்தில் தயாராக இல்லாத நிலை) வந்தால், அந்த ஃபால்ட்டின் ஹேண்ட்லரும் ஐரெட் போட்டுத்தான் திரும்பும். பிரேக்பாயின்ட் (நிரலை நடுவில் நிறுத்த வைக்கும் குறி) வந்தாலும் அப்படியே. திரும்பும் இடம் என்எம்ஐ ஹேண்ட்லரின் நடு. ஆனால் தடை நீங்கிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் உடனே உள்ளே வருவார்.

உள்ளே வந்தால் என்ன? மற்றக் குறுக்கீடுகள் ஒன்றின்மேல் ஒன்று வருவதில்லையா? வரும். ஆனால் 64 பிட் எக்ஸ்86இல் என்எம்ஐக்குத் தனி ஸ்டாக் கட்டாயம். பயனர் நிரல் "சிஸ்கால்" கட்டளையால் கெர்னலுக்குள் நுழையும்போது பிராசசர் ஸ்டாக் சுட்டியை மாற்றுவதில்லை. முதல் சில கட்டளைகளுக்கு உரிமை கெர்னலுடையது, ஸ்டாக் சுட்டி பயனருடையது. அந்த இடைவெளியில் என்எம்ஐ வந்தால் பயனர் காட்டிய இடத்தில் எழுத முடியாது. அதனால் என்எம்ஐ எப்போது வந்தாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்டாக்கின் உச்சிக்குப் போ என்று அட்டவணையில் எழுதியிருக்கிறது. எப்போது வந்தாலும் அதே உச்சி. முதல் என்எம்ஐ பாதியில் இருக்கும்போது இரண்டாவது வந்தால், அதுவும் அதே உச்சியில் எழுதும். முதலாவது எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு அழிந்துவிடும். அதன்பின் கெர்னல் போவதற்கு முகவரி இல்லை.

பல ஆண்டுகள் இதற்குத் தீர்வு "என்எம்ஐக்குள் ஃபால்ட் வரவிடாதே" என்பதுதான். ஆனால் செயல்திறன் அளக்கும் பெர்ஃப் கருவி என்எம்ஐக்குள் பயனரின் ஸ்டாக்கைப் படிக்க விரும்பியது; அது ஃபால்ட் தரலாம். செயற்கூறுகளின் தடம் பிடிக்கும் எஃப்டிரேஸ், ஓடும் கெர்னல் நிரலைத் திருத்தப் பிரேக்பாயின்ட் வைக்க விரும்பியது. என்எம்ஐ ஹேண்ட்லர் அந்த வரியைக் கடக்கலாம். 2012இல் 3.3 கெர்னலில் ஸ்டீவன் ரோஸ்டெட் தீர்வை எழுதினார். அடிப்படை யோசனை லினஸ் டோர்வால்ட்ஸுடையது.

என்எம்ஐ ஸ்டாக்கின் உச்சியில் பிராசசர் எழுதிய திரும்பும் குறிப்பு இருக்கிறது. ஹேண்ட்லர் நுழைந்ததும், அதற்குக் கீழே "என்எம்ஐ நடக்கிறது" என்று ஓர் அடையாளத்தை வைக்கிறது. பிறகு திரும்பும் குறிப்பை நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. கடைசி ஐரெட் நகலைப் பார்த்துத்தான் திரும்பும். இரண்டாவது என்எம்ஐ நடுவில் வந்தால், அதன் முதல் வேலை அந்த அடையாளத்தைப் பார்ப்பது. இருக்கிறதா? அப்படியானால் தான் எதுவும் செய்வதில்லை. முதலாவதன் திரும்பும் நகலைத் திருத்தி, "வந்த இடத்துக்குத் திரும்பாதே, ஹேண்ட்லரை மறுபடி ஓட்டு" என்ற இடத்தின் முகவரியை எழுதிவிட்டு உடனே வெளியேறும். முதலாவது தன் வேலையை முடித்து வீட்டுக்குப் போகிறேன் என்று ஐரெட் போடும். போய்ச் சேரும் இடம் மறுபடியும் தன் ஹேண்ட்லரின் தொடக்கம்.

வன்பொருளின் அந்த ஒற்றை நாற்காலியை மென்பொருளில் மறுபடி செய்திருக்கிறார்கள். பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கும். வேலை செய்கிறது.

#12 குதர்க்கி (செவ்வாய், இரவு 10.50)

அடையாளத்தை எடுத்ததற்கும் ஐரெட்டுக்கும் நடுவில் என்எம்ஐ வந்தால்?

#13 ஸ்டாக்கடி (புதன், காலை 6.30)

குதர்க்கி என்ற பெயருக்குத் தகுந்த கேள்வி. அங்கேதான் 2015இல் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது.

அந்த இடைவெளிக்காக இரண்டாவது சோதனை ஒன்று இருந்தது: குறுக்கிடப்பட்ட நிரலின் ஸ்டாக் சுட்டி என்எம்ஐ ஸ்டாக்குக்குள் இருந்தால், என்எம்ஐக்குள் வந்த என்எம்ஐ என்று கொள். கேட்க நியாயம். ஆனால் மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: சிஸ்கால் ஸ்டாக் சுட்டியை மாற்றாது. ஒரு பயனர் நிரல் தன் ஸ்டாக் சுட்டியில் என்எம்ஐ ஸ்டாக்கின் முகவரியை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு சிஸ்கால் போட்டால்? அந்த நொடியில் வரும் உண்மையான முதல் என்எம்ஐ, தன்னை இரண்டாவது என்று எண்ணி ஒன்றும் செய்யாமல் போய்விடும். ஆண்டி லூடமிர்ஸ்கி அந்த ஜூலையில் வெளியிட்ட என்எம்ஐ பிழைகளில் இது ஒன்று, பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ 2015-3291. கூட வந்த 3290 இதைவிட மோசம். சாதாரணப் பயனர் உரிமையை உயர்த்திக்கொள்ள வழிவிட்டது.

திருத்தம் ரசிக்கத்தக்கது. எழுத்துக்கோவைகளை எந்தத் திசையில் நகலெடுப்பது என்று சொல்லும் திசைக் கொடி ஒன்று எக்ஸ்86இல் உண்டு. சிஸ்கால் கெர்னலுக்குள் நுழையும்போது அந்தக் கொடியை இறக்கிவிடும்படி லினக்ஸ் அமைத்திருக்கிறது. ஆகவே அடையாளத்தை எடுப்பதற்குச் சற்று முன் என்எம்ஐ ஹேண்ட்லர் அந்தக் கொடியை ஏற்றிவைக்கிறது. ஸ்டாக் சுட்டி என்எம்ஐ ஸ்டாக்கில் இருந்து, கொடியும் ஏறியிருந்தால் அது நம் ஆள். கொடி இறங்கியிருந்தால் பயனர் செய்த வேடம். எழுத்து நகலெடுக்க வைத்த கொடி இங்கே அடையாள அட்டையாகிவிட்டது.

#14 சுட்டவிரல் (புதன், காலை 7.45)

ஸ்டாக்கடி சொல்லாமல் விட்ட இரண்டு. பேஜ் ஃபால்ட் முகவரி சிஆர்2 ரெஜிஸ்டரில் இருக்கும். ஃபால்ட் ஹேண்ட்லர் அதைப் படிப்பதற்கு முன் என்எம்ஐ வந்து, அதற்குள்ளும் ஒரு ஃபால்ட் வந்தால் பழைய முகவரி போயிற்று. அதனால் என்எம்ஐ நுழைந்ததும் சிஆர்2ஐச் சேமித்து, திரும்பும்போது மாறியிருந்தால் பழையதை எழுதிவைக்கிறது. அடுத்து, ஜிஎஸ் அடிமுகவரி (கெர்னல் அந்தந்தக் கோரின் தரவைத் தேடும் தொடக்கப் புள்ளி). கெர்னலுக்குள் இருக்கிறோம் என்பதற்காகவே ஜிஎஸ் கெர்னலுடையது என்று நம்ப முடியாது. மாற்றும் கட்டளைக்கு ஒரு கட்டளை முன்பே என்எம்ஐ வந்திருக்கலாம். ஹேண்ட்லர் அந்த மதிப்பைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

#15 ஆர்ம்காரன் (புதன், காலை 11.20)

எக்ஸ்86காரர்களின் புலம்பலைக் கேட்டால் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு என்எம்ஐயாவது இருந்தது.

ஆர்ம்64இல் நீண்ட காலம் அப்படியொன்றே இல்லை. பெர்ஃப் ஓட்டினால், ஸ்பின்லாக்கை விட்டுக் குறுக்கீட்டைத் திறக்கும் அந்த ஒரு வரியே எல்லா நேரத்தையும் தின்பதுபோல் காட்டும். புதிதாக வருபவர் ஒவ்வொருவரும், "பூட்டை விடுவதற்கா இவ்வளவு செலவு?" என்று கேட்பார். செலவு அங்கே இல்லை. குறுக்கீடு அணைந்திருந்த நேரத்தில் நிரம்பிய கவுன்ட்டர்கள் எல்லாம் கதவுக்கு வெளியே நின்று, திறந்த நொடியில் உள்ளே பாய்கின்றன.

2019இல் 5.1 கெர்னலில் ஒரு தந்திரம் வந்தது. குறுக்கீட்டை அணை என்றால் பிராசசரின் கொடியைத் தொடுவதற்குப் பதிலாக, ஜிஐசிவி3 கட்டுப்படுத்தியின் முன்னுரிமை வரம்பை உயர்த்துகிறார்கள். சாதாரணக் குறுக்கீடுகள் வரம்புக்குக் கீழே நின்றுவிடும். கவுன்ட்டருடையதுக்கு மட்டும் மேலான முன்னுரிமை கொடுத்திருப்பதால் அது தாண்டி வரும். போலி என்எம்ஐ என்றே அதற்குப் பெயர். தொடக்கத் தேர்வில் கேட்டால்தான் இயங்கும். ஒவ்வொரு எக்செப்ஷன் நுழைவிலும் பிராசசர் குறுக்கீட்டை மறைக்கும் உண்மையான கொடியை ஏற்றிவிடுவதால், கெர்னல் அதை இறக்கும்வரை சிறு குருட்டு இடங்கள் மிஞ்சும். ஆர்ம்வி8.8இல்தான் உண்மையான என்எம்ஐ கட்டமைப்புக்குள் வந்தது.

பவர்பிசி 64இல் வேறு வழி. அங்கே குறுக்கீட்டை அணைப்பது பெரும்பாலும் மென்பொருளில் ஒரு குறி வைப்பது மட்டுமே. வந்த குறுக்கீட்டை ஹேண்ட்லர் பார்த்து, குறி இருந்தால் பிறகு பார்க்கிறேன் என்று எழுதிவைத்துவிடும்.

#16 வழிப்போக்கன் (புதன், மதியம் 12.10)

ஸ்டாக்கடி நாற்காலி ஒன்றுதான் என்றார். அப்படியானால் இரண்டு காரணங்கள் ஒரே என்எம்ஐயாகக் கரைந்தால், எதற்கு வந்தோம் என்று ஹேண்ட்லருக்கு எப்படித் தெரியும்?

#17 மீள்தொடக்கம் (புதன், மதியம் 12.55)

தெரியாது. அதனால் பதிவு செய்த எல்லோரையும் வரிசையாகக் கேட்கும்: உன்னுடையதா, உன்னுடையதா? முதல் ஆள் ஆம் என்றாலும் நிறுத்தாது.

இதில் ஒரு பின்விளைவு. ஒரு என்எம்ஐயிலேயே இரண்டு காரணங்களைக் கவனித்துவிட்டோம் என்று வையுங்கள். இரண்டாவது காரணத்துக்கான என்எம்ஐ நாற்காலியில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம். வெளியே வந்ததும் அது உள்ளே வரும். கேட்டால் யாரும் என்னுடையது என்று சொல்ல மாட்டார்கள். அதனால் லினக்ஸ் இரண்டைக் கவனித்த முறையை நினைவில் வைத்துக்கொள்கிறது. உடனே ஒன்று வந்து, குறுக்கிட்ட கட்டளையின் முகவரியும் முன்னதைப் போலவே இருந்தால், நடுவில் ஒரு கட்டளைகூட ஓடவில்லை என்று பொருள். அப்படி வந்ததை யாரும் உரிமை கோராவிட்டால் பேசாமல் விழுங்கிவிடும்.

விழுங்க முடியாதவற்றுக்குத்தான் அந்தப் புகழ்பெற்ற செய்தி: காரணம் தெரியாத என்எம்ஐ, "டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட், பட் ட்ரையிங் டு கன்டின்யூ". தலைசுற்றிக் குழம்பிப்போனாலும் தொடர முயல்கிறேன் என்று கெர்னல் சொல்வது. லினக்ஸ் அச்சிடும் செய்திகளில் இவ்வளவு மனிதத்தன்மையுள்ள வேறொன்றை நான் பார்த்ததில்லை.

#18 கள்ளிச்செடி (புதன், மாலை 4.00)

என் மெய்நிகர் கணினியில் இந்த வாட்ச்டாக் தொடங்கும்போதே நிரந்தரமாக அணைந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. உள்ளே செயல்திறன் கவுன்ட்டர் தரப்படவில்லையாம். அங்கே உறைந்தால் யார் சொல்வது?

#19 ஆர்ம்காரன் (புதன், மாலை 4.35)

2023இல் 6.5 கெர்னலில் வந்த தோழன் வாட்ச்டாக் உங்களுக்குத்தான். ஒவ்வொரு கோரும் தன் டைமர் வரும்போது அடுத்த கோரின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்க்கும். கவுன்ட்டர் தேவையில்லை, கண்டுபிடிக்க என்எம்ஐயும் தேவையில்லை. #1இல் வந்த அலுவலக மூத்தவர் இதை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அவரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் எல்லாக் கோரும் ஒன்றாக உறைந்தால் பார்க்க ஆள் இல்லை. உறைந்த கோரின் ரெஜிஸ்டர்கள் வேண்டுமென்றால் அதற்கு ஒரு என்எம்ஐ அனுப்பித்தான் ஆக வேண்டும்.

#20 ஸ்டாக்கடி (புதன், இரவு 9.10)

ஐரெட் கதைக்கு ஒரு பின்னிணைப்பு. இன்டெல் கொண்டுவந்த ஃப்ரெட் முறையில் திரும்பும் கட்டளைகளே புதியவை. திரும்பும் குறிப்பில் ஒரு பிட் சொன்னால்தான் என்எம்ஐ தடை நீங்கும். பேஜ் ஃபால்ட்டிலிருந்து திரும்புவது அதைத் தொடாது. லினக்ஸில் 2024இல் 6.9இலிருந்து ஆதரவு இருக்கிறது. பழைய பிராசசர்கள் ஓடும்வரை அந்த மறுபடி ஓட்டும் நிரலும் கெர்னலில் இருந்தே தீரும்.

#21 இரவுப்பணி (வியாழன், இரவு 12.30)

பிழையைப் பிடித்துவிட்டேன். நீங்கள் சொன்னவற்றைப் படித்த பிறகுதான் அந்தத் தடத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தது.

தடம் மூன்று அடுக்காக இருந்தது. மேலே என்எம்ஐ என்று அடைப்புக்குறிக்குள் ஓர் அடுக்கு. அது செய்தி எழுத வந்தவருடையது, இதைத்தான் இரண்டு நாள் பிழை என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே ஐஆர்க்யூ என்ற அடுக்கு: என் அட்டையின் குறுக்கீட்டு ஹேண்ட்லர், வரிசைப் பூட்டைக் கேட்டுச் சுழல்கிறது. அதற்கும் கீழே சாதாரண அடுக்கு: பயனர் நிரல் அழைத்த என் படிக்கும் செயற்கூறு, அதே பூட்டைப் பிடித்திருக்கிறது. குறுக்கீட்டை அணைக்காமல் பிடித்திருக்கிறது. சுட்டவிரல் சொன்ன "தலைமேல் உட்கார்ந்து சாவி கேட்கும்" கதை, என்எம்ஐக்குப் பதில் சாதாரணக் குறுக்கீட்டில்.

ஏன் 17 மட்டும்? சோதனை நிரலை அந்தக் கோரில் கட்டியிருந்தேன். முந்தின நாள் வேகம் கூடட்டும் என்று அட்டையின் குறுக்கீட்டையும் அதே கோருக்கு மாற்றியிருந்தேன். முன்பெல்லாம் ஹேண்ட்லர் வேறு கோரில் ஓடியதால் சற்று நேரம் காத்திருந்து பூட்டைப் பெற்றுக்கொண்டது.

திருத்தம் இரண்டு வரி: பூட்டும் இடத்திலும் விடும் இடத்திலும் குறுக்கீட்டை அணைத்து மீட்கும் வடிவம். மூன்று மணி நேரமாக ஓடுகிறது.

#22 சுட்டவிரல் (வியாழன், காலை 6.05)

அந்தப் பத்து வரி என்எம்ஐ ஹேண்ட்லர்?

#23 இரவுப்பணி (வியாழன், காலை 6.20)

நீக்கிவிட்டேன். ஆனால் நான்காம் நாள் வரை சோதனையை நிறுத்தப்போவதில்லை.